விழுப்புரத்தில் மருந்து தராத டாக்டர்

நான் விழுப்புரத்துக்குப் போனது ஒரு லேகிய டப்பாவின் பின்னால். வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாமல், கோயில்கள் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அம்மா அதை நம்பி ஒரு பை விபூதி வாங்கிவரச் சொன்னாள்.

டப்பா வந்த வழி இதுதான். பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர் ஒருவர் ஊருக்குப் போய்வந்த கையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்து, உடம்பு உருகுகிறது என்றார். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தன. தூக்கத்தில் தாது வெளியாகிறது, அது போகப் போக உயிரும் போய்விடும் என்று சொல்லிவிட்டு, விழுப்புரத்து லாட்ஜ் ஒன்றில் வைத்தியர் கொடுத்த டப்பாவையும் ஒரு நோட்டீஸையும் மேஜைமேல் வைத்தார்.

அங்கே நான் ஆராய்ச்சி உதவியாளன். எங்கள் பேராசிரியை ஒரு சீனப் பெண்மணி. மனிதரின் பாலியல் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர் காதில் விழுந்த கதையை எழுதக் கூடாது, நேரில் கேட்டு, எண்ணி, சரிபார்த்துத்தான் எழுத வேண்டும் என்பவர். சீனர்களிடமும் இந்தப் பயம் வேறொரு பெயரில் இருப்பது அவருக்குத் தெரியும். தமிழர்கள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துவர என்னை அனுப்பினார். அனுப்பும்போது அவர் சொன்ன விதிகள்: எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் கேள். பதிலுக்குத் தலையாட்டாதே. பேட்டி முடியும்வரை எதையும் திருத்தாதே. தமிழ் பேசிக்கொண்டே தலையாட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, நோட்டீஸில் அச்சடித்திருந்த லாட்ஜின் பெயரை ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ, அந்த லாட்ஜா" என்று குரலைத் தாழ்த்தினார். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். இறங்கும்போது, "பயப்படாதீங்க சார். எங்க மச்சானுக்கு நல்லா ஆயிடுச்சி" என்றார். நன்றி சொல்வதா, மறுப்பதா என்று தெரியாமல் தலையாட்டினேன். விதி அங்கேயே உடைந்தது.

லாட்ஜ் மேனேஜர் ராமலிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். நான்கு பெண்களைப் பெற்றவர் என்பதை அறிமுகத்திலேயே சொல்லிவிட்டார். வைத்தியரைப் பேட்டி காண வந்திருக்கிறேன் என்றேன்.

"அவரு இன்னும் வரலீங்க. இந்த மாசம் மொதல்ல திண்டிவனத்துல கேம்ப் போட்டுட்டாரு. அங்க முடிச்சிட்டுத்தான் இங்க வருவாரு. வேற ரூமும் காலி இல்ல. அவரு ரூம்லயே தங்கிக்குங்க, ஃபேன் நல்லா சுத்தும்" என்றார்.

ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. அறை முழுவதும் லேகிய வாசனையைப் பரப்பியது.

மாலையில் எதிரிலிருந்த ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இதையே ரொட்டி சானாய் என்று பருப்புக் குழம்போடு தருவார்கள். இங்கே ஊற்றிய சால்னாவின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மேஜைமேல் கிடந்த லாட்ஜ் சாவியைப் பார்த்த சர்வர், "ட்ரீட்மென்ட்ல இருக்கும்போது காரம் சேக்கக் கூடாதுன்னு சொல்லலியா சார்?" என்று வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். நான் நோயாளி இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வராந்தாவில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியர் வழக்கமாகத் தங்கும் அறை, உள்ளே கண்ணாடி போட்ட ஓர் ஆள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் நான் வைத்தியர் இல்லை, இதைப் பற்றிப் படிக்க வந்தவன் என்று முதலிலேயே சொன்னேன். "படிச்சவருன்னுதான் பாத்தாலே தெரியுதே" என்றார் ஒருவர். சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல விருப்பமா என்றால், அதற்குத்தானே வந்தோம் என்றார்கள்.

ஆனால் யாருமே தனக்காக வரவில்லை. எல்லோரும் ஒரு நண்பருக்காக வந்திருந்தார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரிடம் அந்த நண்பரின் வயதைக் கேட்டேன்.

"என் வயசுதாங்க."

"அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா?"

"எனக்கு ஆன அன்னிக்கேதான் ஆச்சு."

"குழந்தைகள்?"

"மூணு. கடைசிப் பையனுக்கு இப்ப ஒடம்பு சரியில்ல, அதான் சீக்கிரம் போவணும்."

இதைப் பேராசிரியையின் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? விழுப்புரத்தில் நோயாளிகளே கிடையாது, நோயாளிகளின் நண்பர்கள்தான் இருக்கிறார்கள் என்று எழுதினால் அவர் என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வார்.

ஒரு சொட்டுத் தாது ஊற நிறைய ரத்தம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். எவ்வளவு ரத்தம் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. யார் சொன்னார்கள் என்று கேட்டால், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் திண்டிவனத்துக்காரர்கள். வைத்தியர் அங்கே கேம்ப் போட்டிருக்கும்போது இவர்கள் ஏன் இங்கே வந்து காத்திருக்க வேண்டும்?

ராமலிங்கம் சிரித்தார். "உள்ளூர்ல படி ஏறினா மாமன் மச்சான் எவனாச்சும் பாத்துடுவான் சார். அதனால அவங்க இங்க வருவாங்க. இங்க இருக்கறவங்க அங்க போவாங்க."

அன்று மதியம், பக்கத்து அறையிலிருந்த எண்ணெய் வியாபாரிகள் இருவர் என்னைக் காட்டித் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தெலுங்கு தெரிந்த ராமலிங்கம் மொழிபெயர்த்துச் சொன்னார்: "பாவம், காலையிலிருந்து ரூமை விட்டு வெளியே வர முடியவில்லை. இந்த வயதிலேயே இவ்வளவு முற்றிவிட்டதே."

மூன்றாம் நாள் காலை, இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வடைகறி தந்தார்கள். இதைப் பினாங்கில் யாராவது ஒரு கடையில் போட்டால் வரிசை நிற்கும் என்று நினைத்துக்கொண்டே கையைக் கழுவினேன். அப்போதுதான் ஏழுமலை வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. சட்டைப்பையிலிருந்தே இரண்டை எடுத்துக் காட்டி எனக்கு விளங்க வைத்தான்.

"எனக்காகத்தான் சார் வந்திருக்கேன்" என்றான். அதுவரை யாரும் அப்படிச் சொல்லாததால் நான் பேனாவை எடுக்க மறந்துபோனேன்.

வருகிற முகூர்த்தத்தில் அவனுக்கும் அவனுடைய மாமன் மகள் அலமேலுவுக்கும் கல்யாணம். சென்ற கேம்பில் வைத்தியரிடம் போயிருக்கிறான். நாடியைப் பிடித்துப் பார்த்த அவர், உடம்பில் தாது வற்றிவிட்டது, லேகியம் முழுவதும் சாப்பிட்டு முடிக்காமல் கல்யாணம் செய்தால் வருகிற பெண்ணும் உருகிப்போவாள் என்று சொல்லிவிட்டார். லேகியம் முடிவதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது.

"போன தபா பாத்தவரு வேற சார். நீங்க அவருக்கும் மேல, ஃபாரின்லேர்ந்து வந்த பெரிய டாக்டருன்னு கீழ டீக்கடையில பேசிக்கினாங்க. நான் கட்டிக்கலாமா கூடாதா, நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டு முடித்தேன். அவன் சொன்னதில் நோய் என்று எதுவுமே இல்லை. பேட்டி முடிந்துவிட்டது, இனி திருத்தலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

"தூக்கத்தில் வெளியாவது ஆண்களில் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். அதனால் ரத்தம் குறையாது. எலும்பு உருகாது. உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

"மருந்து சார்?"

"மருந்து வேண்டாம்."

"ஊசி?"

"அதுவும் வேண்டாம்."

"பத்தியம் எதுனா?"

"எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போங்கள். பிடித்ததையெல்லாம் சாப்பிடுங்கள். சந்தோஷமாக இருங்கள்." அவன் நீட்டிய பணத்தையும் வாங்காமல் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் நீர் நின்றது. நிம்மதியில் அழுகிறான் என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒருவனுக்காவது நல்லது செய்தோம் என்று ஜன்னலோரம் போய் நின்றேன். ஏழுமலை வெறுங்காலோடு தெருவில் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய செருப்பு என் அறை வாசலிலேயே கிடந்தது.

ராமலிங்கம் படியேறி ஓடிவந்தார். "இன்னா சார் சொன்னீங்க? புள்ள தேம்பித் தேம்பி அழுதுகினு போவுது."

"நோய் இல்லை, மருந்து வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடு என்றேன் அண்ணே. வேறொன்றும் சொல்லவில்லை."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ! எங்க ஊர்ல டாக்டருங்க அத எப்ப சார் சொல்லுவாங்க? இனி ஒண்ணும் செய்றதுக்கு இல்ல, வூட்டுக்குக் கூட்டிகினு போங்க, வாய்க்குப் புடிச்சத வாங்கிக் குடுங்கன்னு எப்ப சொல்லுவாங்க? கடேசிலதானே சொல்லுவாங்க! காசும் வேணாம்னுட்டீங்களா?"

"ஆமாம்."

"போச்சு" என்று சுவரில் சாய்ந்தார்.

மூன்று நாளாக நான் எல்லோரிடமும் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். டாக்டர் மருந்து வேண்டாம் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் போதும், அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எப்படி நம்பினேன்? வருகிற முகூர்த்தத்தில் அவனுக்குக் கல்யாணம் என்றேன். பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணம் நின்றால் பெண்ணின் ராசி சரியில்லை என்றுதான் பேசுவார்கள், அப்புறம் அவளை யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று ராமலிங்கம் புலம்பினார். நான்கு பெண்களைப் பெற்ற புலம்பல் அது. செருப்பை ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கல்லாவைப் பூட்டிக்கொண்டு அவரும் கூடவே வந்தார்.

திண்டிவனம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. எங்கள் தீவில் படகுக்குக்கூட இவ்வளவு கூட்டம் ஏறிப் பார்த்ததில்லை. ஓர் ஆட்டுக்குட்டி என் கையிலிருந்த செய்தித்தாளைத் தின்ன ஆரம்பித்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி மிளகாய்த்தூள் தடவி விற்கத் தொடங்கினாள். டயர் வெடிக்கும் என்று தெரிந்தே ஏறினாளா என்ன? கூட்டத்தில் முந்தின நாள் என்னிடம் நண்பருக்காகப் பேசிய விழுப்புரத்துக்காரர் ஒருவரும் நின்றார். என்னைக் கண்டதும் திரும்பி நின்று மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். திண்டிவனத்துக் கேம்புக்குப் போகிறார் போலிருக்கிறது. நானும் மரத்தைப் பார்த்தேன்.

"ஜல்தி, ஜல்தி" என்று கண்டக்டர் விசிலடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மல்லாட்டை மண்டியில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. தூசியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. ஒரு பக்கக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்பை அவன் முன்னால் வைத்தேன்.

"சாவப் போறவனுக்குச் செருப்பு எதுக்கு சார்?"

"நீங்கள் சாகப் போவதில்லை. உங்களுக்கு நோயே இல்லை."

"எங்கப்பாருக்கும் இப்டித்தான் சொன்னாங்கோ. நல்ல டாக்டரு. தோளத் தட்டிக் குடுத்தாரு. மருந்து வேணாம், ஆசப்பட்டதக் குடுங்கன்னாரு. அவரு கேட்ட மீன் கொழம்பு அடுப்பில கொதிச்சிகினு இருக்கும்போதே பூட்டாரு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சாயங்காலம் மாமன்கிட்ட சொல்லிடப் போறேன். அவளுக்கு வேற மாப்பிள்ள பாக்கட்டும். தாலியக் கட்டிட்டு அடுத்த வருசமே அறுக்க வைக்கச் சொல்றீங்களா?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?" என்றான்.

"இல்லை."

"அப்ப எப்டித் தெரியும்?"

பேராசிரியை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "இதே விஷயத்தை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் குழந்தை குட்டிகள் இருக்கின்றன" என்றேன்.

"யாரு? ஒரு ஆளக் காட்டுங்க."

பெயரைச் சொல்லக் கூடாதே. உதவிக்கு ராமலிங்கத்தைப் பார்த்தேன். நான்கு பெண்களைப் பெற்ற மனிதர், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ ஒரு மூட்டையின் தையலைத் தடவி அதன் உறுதியைச் சோதித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அப்போது கொட்டகையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். தலையில் கட்டிய துணியெல்லாம் மல்லாட்டைத் தோல். "வந்ததிலேர்ந்து அழுதுகினு இருக்கியாமே மாமா, இன்னா?" என்றபோதுதான் இவள்தான் அலமேலு என்று புரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய உறவு என்பதால், கல்யாணப் பெண் என்ற கூச்சம் அவளிடம் இல்லை. என்னைக் காட்டி, "யாரு இவரு?" என்று கேட்டாள்.

"டாக்டரு" என்றான் அவன்.

"டாக்டர் இல்லை" என்றேன் நான்.

"டாக்டருக்கு இன்னா விசயம் தெரிஞ்சிச்சோ, அத எனக்குச் சொல்லுங்க."

"அதை அவர்தான் சொல்ல வேண்டும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுச் சொன்னான். வைத்தியர் சொன்னதையும் நான் சொன்னதையும் சொன்னான். தன்னால் அவளுக்குக் கெடுதல் வந்துவிடும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இவரு உசிருக்கு எதுனா ஆவுமா?"

"இதனால் ஆகாது."

"கட்டிக்கினா எனக்கு எதுனா வருமா?"

"இதனால் எதுவும் வராது."

"புள்ள பொறக்குமா?"

பிறக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஏழுமலை நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இது அதற்குத் தடை இல்லை" என்றேன். அவன் தலை மறுபடியும் கவிழ்ந்தது. கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

அலமேலு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்தாள். "எங்களுக்கு வெள்ளப்படுதே, அதுலயும் எலும்பு உருகித்தான் வருதுன்றாங்க. அது நெசமா?"

எனக்கு முகம் சூடானது. பேராசிரியையின் தாளில் ஆண்களுக்கான கேள்விகள் மட்டும்தான் இருந்தன. மூன்று நாளில் ஒரு பெண்ணிடம்கூட நான் பேசியதில்லை. அதுவரை அது எனக்கு உறைக்கவும் இல்லை.

"தெரியாது" என்றேன். "நான் பெண்களைப் பற்றிப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருந்தால் அவரைக் கேளுங்கள். எனக்குத் தெரியாது."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ஏழுமலையிடம் திரும்பினாள்.

"மாமா, அந்த லாட்ஜ் டாக்டரு எதுக்காச்சும் தெரியாதுன்னு சொன்னானா?"

"இல்ல. எதக் கேட்டாலும் தெரியும்ன்வாரு."

"இவரு சொல்றாரு பாரு. புள்ள பொறக்குமான்னா சொல்ல முடியாதுன்றாரு. எனக்குக் கேட்டா தெரியாதுன்றாரு. ஏமாத்தறவனா இருந்தா எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்லியிருப்பான். இவரு தெரியும்னு சொன்னது நெசமாத்தான் இருக்கும்." அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி. அப்பாகிட்ட ஒண்ணும் பேசிகினு நிக்காத. செருப்பப் போடு."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், செருப்பில் காலை நுழைத்தான். சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசுப் பக்கம் நடந்தான். நான் பக்கத்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். ராமலிங்கம் தையலை விட்டுவிட்டு, "நான்கூட சொல்லலாம்னுதான் இருந்தேன் சார்" என்றார்.

அலமேலு போகாமல் நின்றாள். "லேடி டாக்டரக் கேளுன்றீங்க. நாங்க போனா, கலியாணம் ஆவறதுக்கு முன்னாடி இது எதுக்குன்னு வெரட்டறாங்க. ஆனப்புறம் போனா மாமியா கூடவே வந்து நிக்குது. ஆம்பளைங்களுக்காச்சும் ஏமாத்தறதுக்கு ஒரு டாக்டரு ரூம் போட்டு ஒக்காந்துகினு இருக்கான். எங்களுக்கு அதுவும் இல்ல. நீங்க போயிக் கேட்டுகினு வந்து சொல்லுங்க."

"உங்களுக்கா?" என்று கேட்டேன்.

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். முறம் புடைக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.